ரேஷன் கடைப் பலகையும் ரியாக்டும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனத்தார் முதலில் கேட்பது, "ரியாக்ட் தெரியுமா, ஆங்குலர் தெரியுமா?" என்பதுதான் என்று மூத்த மாணவர்கள் சொன்ன நாள்முதல் எங்கள் வகுப்பில் பலருக்கு உறக்கமில்லை. ஜாவாஸ்கிரிப்டே இன்னும் முழுதாகக் கைவரவில்லை. அதற்குள் அதன்மேல் எழுந்த ஃபிரேம்வொர்க்குகள் வேறா? குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என் போன்றோர்க்கு இது வெறும் பாடக் கேள்வி அன்று. மூன்றாண்டுக்குள் எதைப் படிப்பது, எதை விடுவது என்பது வீட்டாரின் சோற்றுக் கேள்வி. ஆகவே நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன்.

ரேஷன் கடையில் உள்ளே ஒரு பதிவேடு, வாசலில் ஓர் இருப்புப் பலகை. அரிசி வழங்க வழங்கப் பதிவேட்டில் இருப்பு குறையும். பலகையிலோ காலையில் எழுதியதே நிற்கும். சண்டை அங்கேதான் பிறக்கிறது. வலைப்பக்கத்திலும் இதே கதைதான். விவரம் நிரலுக்குள் இருக்கிறது. பார்ப்பவர் காண்பது திரையை. வெறும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரையில் உரிய இடத்தைத் தேடிச் சென்று நாமே திருத்த வேண்டும். சிறிய பக்கத்துக்கு இது எளிது. பக்கம் பெருகப் பெருக, எங்கேனும் ஓரிடம் விட்டுப்போகும்.

2013-இல் ஃபேஸ்புக் நிறுவனம் வெளியிட்ட ரியாக்ட், இந்தப் பலகை எழுதும் வேலையைத் தான் ஏற்றுக்கொள்கிறது. (அதைச் செய்தவர்கள் அதனை 'லைப்ரரி' என்றே அழைக்கின்றனர், பேராசிரியர்கள் திருத்துமுன் நானே சொல்லிவிடுகிறேன்.) நாம் பதிவேட்டை மாற்றினால் போதும். பலகை இனி எப்படி இருக்க வேண்டும் என்று அது தனக்குள் ஒரு படி எழுதி, பழைய படியோடு ஒப்பிட்டு, வேறுபட்ட வரிகளை மட்டும் திரையில் திருத்தும். 2014-இல் இவான் யூ வெளியிட்ட வ்யூவுக்கும் நோக்கம் இதுவே; வழிதான் வேறு.

இங்கே இரண்டு நுட்பங்கள் உண்டு. பட்டியலில் 'புஷ்' கட்டளையால் ஒரு பெயரைச் சேர்த்து, அதே பட்டியலைத் திருப்பிக் கொடுத்தால் ரியாக்ட் அசையாது. தாள் அதே தாள்தானே என்று இருந்துவிடும். பழையதற்குப் பிரதி எடுத்து, அதில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் "திரை மாறவில்லையே" என்று எழும் புலம்பல்கள் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

மற்றொன்று 'கீ'. வருகைப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அடையாளம் கேட்கும்போது, பலர் வரிசையில் உள்ள இடத்தையே எண்ணாகக் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு மாணவர் பெயரை நீக்கினால், அவர் கட்டத்தில் இட்ட குறி அடுத்தவர் தலையில் விழக்கூடும். பதிவு எண்ணைக் கொடுங்கள். பெஞ்சு மாறி உட்கார்ந்தாலும் பதிவு எண் மாறுவதில்லை அல்லவா?

இனிச் செய்திக்கு வருவோம். கூகுள் 2010-இல் வெளியிட்ட ஆங்குலர்ஜேஎஸ், 2016-இல் அடியோடு மாற்றி எழுதப்பட்டு ஆங்குலர் ஆயிற்று. பழைய நிரல் புதியதில் அப்படியே ஓடாது. பழையதற்கான ஆதரவும் 2021 இறுதியோடு முடிந்தது. அதன் கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மீண்டும் அரிச்சுவடியில் தொடங்க வேண்டியதாயிற்று. மொழியையே அறிந்தவர்களுக்கு அத்தனை துன்பமில்லை. புதிய ரியாக்ட் வேலையைத் தொடங்கப் பயன்பட்ட 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்னும் கருவியையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். இப்போது கற்கத் தொடங்குபவர்க்கு 'வீட்' போதும். இலவசப் பாட வீடியோக்கள் பல இன்னும் பழைய கருவியிலேயே தொடங்குகின்றன. டேட்டாவைச் செலவழிக்குமுன் வீடியோவின் தேதியைப் பாருங்கள்.

ஆகவே என் வரிசை இது: முதலில் ஃபங்ஷன், 'மேப்', 'ஃபில்டர்', 'பிராமிஸ்' ஆகியவற்றைக் கையால் எழுதிப் பழகுதல், பிறகு ஒரே ஒரு ஃபிரேம்வொர்க். மூன்றையும் அரைகுறையாக நுனிப்புல் மேய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

எல்லாப் பக்கத்துக்கும் ஃபிரேம்வொர்க் வேண்டும் என்பதும் இல்லை. அதன் நிரல் முழுவதும் இறங்கி ஓடிய பிறகே திரை தெரியுமாறு பலர் அமைத்துவிடுகிறார்கள். என் தந்தையார் வைத்திருப்பது போன்ற பழைய செல்பேசியில் அதற்குள் பொறுமை போய்விடும். தேர்வுக் கால அட்டவணை போல எப்போதாவது மாறும் பக்கத்துக்கு எச்.டி.எம்.எல்.லும் கொஞ்சம் சி.எஸ்.எஸ்.ஸுமே தாராளம்.