மாடி ஏறாத அலை

வேகமான இன்டர்நெட் வாசல் வரை வந்துவிடுகிறது. அங்கிருந்து மேல்மாடிப் படுக்கையறைக்குப் போய்ச் சேருவதுதான் பெங்களூர் வீடுகளில் பெரும் பாடு.

பெங்களூரில் 1981-ல் ஒரு மாட்டு வண்டி சரித்திரத்தில் இடம் பிடித்தது. இஸ்ரோ உருவாக்கிய ‘ஆப்பிள்’ செயற்கைக்கோளை அதன் மேல் வைத்துத் திறந்தவெளிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்து, லாரிக்குக்கூட வழியில்லாத ஏழை நாடு என்று உச்சுக்கொட்டியவர்கள் உண்டு. காரணம் வறுமை அல்ல. செயற்கைக்கோளின் ஆன்டெனாவைச் சோதிக்க, உலோகத்தின் தொல்லை இல்லாத ஒரு மேடை வேண்டியிருந்தது. லாரியின் இரும்பு உடம்பு ரேடியோ அலைகளைத் திருப்பியடித்துக் கணக்கையே குழப்பிவிடும். மர வண்டி அப்படிச் செய்யாது. அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் ஆர்.எம். வாசகம், பிற்பாடு அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனவர். அதே ஆண்டு ஜூன் 19-ல் ஏரியன் ராக்கெட் ‘ஆப்பிளை’ விண்ணுக்குக் கொண்டுசென்றது.

ரேடியோ அலைக்கும் இரும்புக்கும் ஆகாது என்று மாட்டு வண்டி வைத்து நிரூபித்த அதே ஊரில்தான் இன்று வைஃபை ரௌட்டரை டி.வி.க்குப் பின்னால் ஒளித்துவைக்கிறார்கள். அல்லது ஷூ ரேக்குக்கு மேலே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில். கேபிள் போட வந்த பையன் எங்கே ஆணி அடித்தானோ அதுவே அதன் நிரந்தர விலாசம். பிறகு, மாடியில் சிக்னல் வரவில்லை என்று கம்பெனிக்குப் போன் மேல் போன்.

இந்த நிருபரும் அந்தப் பாவத்தைச் செய்தவன்தான். அல்சூர் பக்கம் வீடு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கீழ்த்தளத்தில் ஒரு ஆபீஸ், முதல் மாடியில் ஒரு பள்ளிக்கூடம், இரண்டாம் மாடியில் ஒரு காலேஜ் என்று வீடே மூன்று நிறுவனங்களாகப் பிரிந்தது. ரௌட்டர் ஒன்றுதான், அது கீழே. மகள் மாடிப்படியின் நடுத்திருப்பத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பாடம் கேட்டாள். அந்த ஒரு படியில்தான் டீச்சரின் முகம் அசையாமல் நிற்காது. அதற்கு மேல் ஏறினால் படம் உறையும். இன்னும் ஏறினால் குரலும் போகும்.

மேல்மாடியில் தங்கியிருந்த அக்கா மகனுக்கு ஒரு கம்பெனியில் மூன்றாவது சுற்று இன்டர்வியூ. கேள்வி பாதியில் அறுந்தது. மறுபடி இணைவதற்குள் எதிர்முனை கிளம்பிவிட்டது. இன்டர்நெட்டுக்கு ஊரெங்கும் பேர்போன பெங்களூரில், இன்டர்நெட் இல்லாததால் அவனுக்கு அந்த வேலை போயிற்று என்பதை என் அக்கா இன்றுவரை நம்பவில்லை. அவன் சரியாகப் படிக்கவில்லை என்பதே அவருடைய தீர்ப்பு.

முதல் வைத்தியமாக, எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். கம்பெனியைக் கூப்பிட்டதும் 100 மெகாபிட் திட்டத்தை 300-க்கு உயர்த்தச் சொன்னார்கள். (எம்.பி.பி.எஸ். என்று தமிழில் எழுதினால் டாக்டர் படிப்பு மாதிரி இருக்கிறது. வைத்தியம் என்று சொன்னது பொருத்தம்தான்.) மாதக் கட்டணம் உயர்ந்தது. கீழ்த்தளத்தில் வேகம் பறந்தது. மாடியில் பழைய கதையே. கீழே தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருந்தால் என்ன, மேலே போகும் குழாய் அடைத்திருந்தால்? அடைப்பு வீட்டுச் சுவரில் இருக்கிறது என்று கம்பெனி சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

அடைப்பு எங்கே என்று புரிய பெங்களூர் வீட்டின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கே மனை என்றால் முப்பதுக்கு நாற்பது அடி. வசதி குறைந்தால் இருபதுக்கு முப்பது. அகலமாகக் கட்ட இடமில்லாததால் வீடு மேலே வளர்கிறது. தளத்துக்குத் தளம் கம்பி கட்டிய கான்கிரீட். அந்தக் கம்பி வலைதான் வைஃபையின் முதல் எதிரி. பழைய பகுதிகளில் கருங்கல்லால் கட்டிய கனமான சுவர்கள் வேறு. சமையலறையில் கிரானைட் மேடை, பீரோவில் ஆளுயரக் கண்ணாடி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. கண்ணாடியின் பின்னால் பூசிய உலோகம் அலையைத் திருப்பும். தண்ணீர் அதை விழுங்கும். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். இது ஓரளவு சுவர்களைக் கடந்துவிடும். வேகத்துக்காகக் கொண்டுவந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி நீளம்கூட இல்லை. ஒரு கான்கிரீட் தளத்திலேயே மூச்சு வாங்கிவிடும். அப்படியானால் 2.4 போதுமே என்றால், அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் செல்போனைத் திறந்தால் இருபது வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. இருபது வீட்டாரும் மூன்று சந்துகளில் வண்டி ஓட்டுகிறார்கள். போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் அதே சந்தில்தான் ஓடுகிறது.

இன்னொரு சூட்சுமம் பலருக்குத் தெரியாது. ரௌட்டரின் கொம்பு நேராக நிற்கும்போது அலை அதைச் சுற்றி மெதுவடை போலப் பரவும். பக்கவாட்டில் தாராளம், கொம்பின் நேர் மேலேயும் நேர் கீழேயும் கஞ்சத்தனம். எங்கள் வீட்டில் ரௌட்டருக்கு நேர் மேலே இருந்த அறையில்தான் சிக்னல் மிக மோசம். பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றாகவே கிடைத்திருக்கும். ஒரு கொம்பைப் படுக்கவைத்த அன்றே முதல் மாடிக்கு உயிர் வந்தது. செலவு ஒரு காசு இல்லை. எட்டு மாதம் இதைச் செய்யாமல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை.

இரண்டாம் மாடிக்கு அது போதவில்லை. ரிப்பீட்டர் என்ற சின்னப் பெட்டியை வாங்கினோம். பலரும் சறுக்குவது இங்கேதான். ரிப்பீட்டர், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை. ஒரே ரேடியோவால் கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாததால் வேகம் பாதியாகிறது. அது போதாதென்று வேறு பெயரில் இன்னொரு வைஃபை. படியேறும்போது செல்போன் பழைய பெயரையே கட்டிக்கொண்டு அழும். நாம்தான் கைப்பட மாற்ற வேண்டும்.

மெஷ் என்பது இந்த இடத்தில்தான் வருகிறது. இரண்டு மூன்று பெட்டிகள், ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, எந்தத் தகவல் எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்கின்றன. ஒருவர் ஹாலிலிருந்து மொட்டை மாடிக்குப் பேசிக்கொண்டே நடந்தால், பக்கத்துப் பெட்டிக்கு மாறிக்கொள்ளும்படி அவருடைய செல்போனுக்கு ஜாடை காட்டுகின்றன. கடைசி முடிவு செல்போனுடையதுதான்; பிடிவாதக்காரச் செல்போன்கள் மாறாமல் அடம் பிடிப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஈரோ நிறுவனமும் கூகுளும் 2016-ல் வீட்டுக்கான இத்தகைய பெட்டிகளை விற்கத் தொடங்கின. ஈரோவை 2019-ல் அமேசான் வாங்கிக்கொண்டது. வேறு வேறு கம்பெனிப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக ஈஸிமெஷ் என்ற பொது விதி 2018-ல் வந்தது. ஆனாலும் கடையில் ஒரே கம்பெனியின் ஜோடியாக வாங்குவதே நிம்மதி.

ஆனால் மெஷ் புதுச் சரக்கல்ல. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அரசு அறிவித்தது 2005 ஜனவரியில். அதே ஆண்டு இமாசலப் பிரதேசத்தின் தரம்சாலாவில் மலைச்சரிவு முழுக்க மெஷ் வலை விரிக்கப்பட்டது. ஏர்ஜல்தி என்ற அமைப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். சாதாரண வீட்டு ரௌட்டர்களை மழைக்கும் பனிக்கும் தாங்கும்படி மாற்றி, கூரைகளில் ஏற்றினார்கள். ஆன்டெனாவைப் பிடித்து ஊஞ்சலாடிய குரங்குகளைச் சமாளிப்பதும் பொறியாளர்களின் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது. பெங்களூரின் ஜனஸ்து அமைப்பு, தும்கூர் பக்கம் தேவராயனதுர்கா மலைக் கிராமங்களில் ஊராருக்கே சொந்தமான மெஷ் வலையை அமைத்துக் காட்டியது. வெளி இன்டர்நெட் அறுந்தாலும் ஊருக்குள் குரலும் படமும் போய்வரும் என்பதே அதன் அழகு.

தமிழ்நாட்டில் வைஃபை செய்த பெரிய காரியம் தேனியில் நடந்தது. அது மெஷ் அல்ல, ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்த்து நிற்கும் ஆன்டெனாக்கள். அரவிந்த் கண் மருத்துவமனையும் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய குழுவும் சேர்ந்து, 2000-களின் மத்தியில் கிராமக் கண் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்தன. வீட்டுக்குள் சில மீட்டருக்காகச் செய்த வைஃபை, மென்பொருளை மாற்றியதும் கிலோமீட்டர் கணக்கில் தாண்டியது. நோயாளி பஸ் ஏறாமலேயே டாக்டர் அவருடைய கண் படத்தைப் பார்த்துப் பேசினார். குறுக்கே சுவர் இல்லாவிட்டால் அந்த அலை எங்கே வரை போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் கதைக்கு வருவோம். மெஷ் ஜோடி வாங்கியாயிற்று. இரண்டாவது பெட்டியை எங்கே வைப்பது? சிக்னல் செத்த இடத்தில்தானே வேண்டும் என்று இரண்டாம் மாடி மூலையில் வைத்தோம். பலனில்லை. தனக்கே காது கேட்காத பெட்டி யாருக்கு என்ன சொல்லும்? அது நிற்க வேண்டியது, முதல் பெட்டியின் சிக்னல் இன்னும் பலமாக இருக்கும் பாதி வழியில். மகள் பாய் விரித்த அதே மாடிப்படித் திருப்பம்! அந்த இடத்தை அவள் எந்த மீட்டரும் இல்லாமல் கண்டுபிடித்திருந்தாள். படிக்கட்டு என்பது வீட்டில் கான்கிரீட் இல்லாத ஒரே செங்குத்து வழி. அலையும் மனிதர்களைப் போலப் படியேறித்தான் போகிறது.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கியிருந்தது. கம்பெனி கொடுத்த பெட்டியும் ஒரு ரௌட்டர், மெஷ் பெட்டியும் ஒரு ரௌட்டர். இரண்டும் அதிகாரம் செய்தால், ஆபீஸ் இணைப்பு, பிள்ளைகளின் விளையாட்டு, கேமரா என்று சிலது தடுமாறும். ஒன்று, கம்பெனிப் பெட்டியை வெறும் பாலமாக மாற்றித் தரச் சொல்ல வேண்டும். அல்லது மெஷ்ஷின் செட்டிங்கில் ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னது நம் கையிலேயே இருக்கிறது. கம்பெனிப் பெட்டியின் வைஃபையையும் அணைத்துவிட்டால் வீண் மோதல் குறையும்.

விலை சில ஆயிரத்தில் தொடங்கி அரை லட்சத்தைத் தொடுகிறது. கூடக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் ஒரு விஷயத்துக்காக: பெட்டிகள் தங்களுக்குள் பேசத் தனியாக ஒரு ரேடியோ. அது இல்லாத மலிவு ஜோடியில், ரிப்பீட்டரின் பாதி வேக நோய் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். வைஃபை 7 என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அதன் முழு வீச்சுக்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேண்டும். செல்போன் கம்பெனிகளும் கண் வைத்திருந்த அந்த வரிசையின் கீழ்ப்பகுதியை வைஃபைக்குத் திறந்துவிடும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸைத் தாராளமாகத் திறந்துவிட்டதே 2018 அக்டோபரில்தான். தவிர, 6 கிகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுவரென்றால் 5-ஐவிட இன்னும் பயம்.

எல்லாவற்றையும்விட மலிவான, உறுதியான மருந்து ஒன்று உண்டு: பெட்டிகளுக்கு நடுவே ஒரு லேன் கேபிள். கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட்டைச் சிந்தாமல் கொண்டுபோகும். சுவர், தண்ணீர், பக்கத்து வீடு எதுவும் அதைத் தொடாது. நாங்கள் படிக்கட்டுக் கைப்பிடியோரமாகப் பிளாஸ்டிக் பட்டிக்குள் இழுத்தோம். அழகில்லை என்று மனைவி சொன்னார். அன்று மாலையே இரண்டாம் மாடியில் உட்கார்ந்து தன் தங்கையோடு ஒரு மணி நேரம் வீடியோவில் பேசிவிட்டு வந்து, பட்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் போதும் என்றார்.

மழைக்காலத்தில் கரன்ட் போகும் மாலைகளில் இன்னொன்று தெரியவந்தது. கீழே ரௌட்டர் இன்வெர்ட்டரில் ஓடுகிறது. படித்திருப்பத்தில் இருக்கும் மெஷ் பெட்டியின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை. ஒரு பெட்டி கண் மூடினால் மேல்மாடி முழுவதும் இருட்டு. 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றைப் பக்கத்தில் வைத்த பிறகே அது தீர்ந்தது. வாங்குமுன் பெட்டிக்கு எத்தனை வோல்ட் என்று அடாப்டரில் பார்த்துக்கொள்வது நல்லது.

எதிர் மனையில் இப்போது முப்பதுக்கு நாற்பதில் நான்கு தளம் எழும்புகிறது. இரண்டாவது தளத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போடத் தயாராக இருக்கிறார்கள். கரன்ட் பைப்புகளுக்குச் சற்றுத் தள்ளி, தளத்துக்குத் தளம் காலியாக இன்னொரு பைப் விடச் சொல்லி வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து, கைப்பிடியோரம் ஓடும் வெள்ளைப் பட்டியைக் காட்டினேன். மறுநாள் காலை எலக்ட்ரீஷியன் மூன்று பைப்புகளோடு வந்திறங்கினார்.