குரங்கணி: காட்டுத் தீ ஏன் மேல்நோக்கி ஓடுது?

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

மதுரையிலிருந்து மேற்கே பஸ் ஏறினா ரெண்டு, மூணு மணி நேரத்துல போடிநாயக்கனூர். அதுக்கு மேல மலையடிவாரத்துல இருக்கிற ஊர் குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு, கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கிட்டிருந்தாங்க. புல்வெளிச் சரிவுல தீ சூழ்ந்தது. மொத்தம் 23 பேர் இறந்துபோனாங்க. காயம்பட்ட பலரை மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத்தான் கொண்டு வந்தாங்க. நம்மள மாதிரி வார நாள்ல வேலைக்குப் போயிட்டு, வீக்கெண்டுக்கு மலை ஏறினவங்கதான் அதுல நிறைய பேர். அதனால இன்னைக்குக் கேள்வி ஒண்ணுதான்: அந்த மலையில தீ எப்படி வேலை செய்யுது?

புல்லும் சரிவும்

தீக்கு எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம் மூணும் வேணும். தேனி மலைகளோட கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வர்ற வடகிழக்குப் பருவமழையில புல் ஆள் உயரத்துக்கு வளருது. பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் அதே புல் காய்ஞ்சு கிடக்கு. தடிமனான கட்டை பத்திக்க நேரம் எடுக்கும். புல் மெல்லிசு, சுத்திலும் காத்து, சில நொடியில பத்திக்கும்.

அடுத்தது சரிவு. சமதளத்துல தீயோட ஜுவாலை நேரா மேல போகும். சரிவுல அதே ஜுவாலை மேல இருக்கிற புல்லைத் தொடுற அளவுக்குச் சாய்ஞ்சிருக்கும், சூடான காத்தும் அந்தப் பக்கம்தான் ஏறும். அதனால மேல இருக்கிற புல் தீ வர்றதுக்கு முன்னாடியே காய்ஞ்சு தயாரா இருக்கும். சரிவு 10 டிகிரி கூடினா தீயோட வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்னு ஒரு கணக்கு உண்டு. 20 டிகிரின்னா நாலு மடங்கு. மனுஷனுக்கு இது தலைகீழ்: சரிவு கூடக் கூட நம்ம வேகம் குறையும். 1949-ல அமெரிக்காவோட மான்டானா மாநிலத்துல, மான் கல்ச் புல் சரிவுல, மேல ஓடித் தப்பிக்கப் பார்த்த தீயணைப்பு வீரர்கள்ல 13 பேர் இறந்தது இதே காரணத்தாலதான்.

சாட்டிலைட் பார்க்காதா?

பார்க்குது. டேராடூன்ல இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் மோடிஸ், வீர்ஸ் ரெண்டு சென்சார் தகவலையும் வெச்சு வனத்துறைக்கு எஸ்எம்எஸ் அலர்ட் அனுப்புது. வீர்ஸோட ஒரு பிக்சல் 375 மீட்டர். ஆனா இந்த சாட்டிலைட்டுகள் நிரந்தரமா நம்ம தலைக்கு மேல நிக்கிறதில்லை. வீர்ஸ் கடக்கிறது பகல் ஒன்றரை, நள்ளிரவு ஒன்றரை மணியை ஒட்டி. நம்ம பாஷையில சொன்னா, நாளைக்கு சில தடவை மட்டும் ஓடுற கிரான் ஜாப். மதியம் மூணு மணிக்குப் பத்தி நாலு மணிக்குள்ள ஒரு சரிவையே முடிச்சிடுற புல் தீக்கு இது போதாது. எங்க அடிக்கடி எரியுதுன்னு கண்டுபிடிக்க அற்புதமான டேட்டா. நடந்துக்கிட்டிருக்கிற உங்களை எச்சரிக்கிற கருவி இல்லை.

அப்போ தீயே கூடாதா?

இங்கதான் விஷயம் சிக்கலாகுது. நம்ம காட்டுல மின்னலால வர்ற தீ ரொம்பக் கம்மி, பெரும்பாலும் மனுஷன் வைக்கிறதுதான். மேய்ச்சலுக்குப் புதுப் புல் வரணும்னு வைப்பாங்க. சில சமயம் அணைக்காத பீடியும் போதும். வறண்ட இலையுதிர் காட்டு மரங்களுக்குத் தடிப்பான பட்டை இருக்கு, எப்பவாவது வர்ற தீயைத் தாங்கும். பிரச்சனை இடைவெளியில. நரேந்திரன் கோடண்டபாணி, மார்க் காக்ரேன், சுகுமார் மூணு பேரும் 2004-ல வெளியிட்ட ஆய்வுப்படி, முதுமலையில 1909–21 காலத்துல சுமார் 10 வருஷத்துக்கு ஒருமுறை எரிஞ்ச இடம், 1989–2002 காலத்துல சுமார் 3.3 வருஷத்துக்கு ஒருமுறை எரிஞ்சது. மூணு வருஷத்துல ஒரு கன்று பட்டை தடிச்ச மரமாகாது. பெரிய மரம் நிக்கும், அடுத்த தலைமுறை வராது.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கர்நாடகாவோட பிலிகிரி ரங்கன் மலையில சோளகர்கள் கோடை முற்றுறதுக்கு முன்னாடியே சின்னச் சின்னதா சருகுத் தீ வைப்பாங்க. அதுக்கு 'தரகு பெங்கி'ன்னு பேர். எரிபொருள் குறைவு, ஈரம் இருக்கும், தீ முழங்கால் உயரத்துல அடங்கிடும். 1974-ல சரணாலயம் ஆனதுக்கப்புறம் அதுக்குத் தடை. தீ நின்னதாலதான் உண்ணிச்செடி புதர் காட்டை மூடிடுச்சுன்னு சோளகர்கள் சொல்றாங்க. தீயே உண்ணிச்செடியைப் பரப்புது, உண்ணிச்செடி அடுத்த தீயைப் பெருசாக்குதுன்னு இன்னொரு கருதுகோள் சொல்லுது. ரெண்டுலயும் முக்கியமானது எந்த மாசம், எவ்வளவு உயரம், எத்தனை வருஷ இடைவெளிங்கிறதுதான்.

மதுரைக்கு என்ன?

குரங்கணிப் பக்கத்துல பிறக்கிற கொட்டகுடி ஆறு வைகையில சேருது. எரிஞ்ச சரிவுல வேரும் சருகும் பிடிச்சு வெக்காத மண்ணை அடுத்த கனமழை கீழே இறக்கும். அது போய்ச் சேர்ற இடம் 71 அடி வைகை அணை. மலையில எரியறது நம்ம குடிதண்ணிக் கணக்குலயும் வரும்.

2018 விபத்துக்கப்புறம் தமிழ்நாட்டுல ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகள் வந்தது. 2024-ல வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்சது. அனுமதி, உள்ளூர் வழிகாட்டி ரெண்டும் இல்லாத பயணத்துல சேராதீங்க. அன்னைக்கு முதல்ல ஓடி வந்து காப்பாத்தினதும் குரங்கணி ஊர்க்காரங்கதான், அந்த மலையோட தடம் அவங்களுக்குத் தெரியும்.

கோடையில காய்ஞ்ச புல் சரிவுப் பக்கமே போக வேண்டாம். எப்பவாவது மாட்டினா, தீக்கு மேல ஓடாதீங்க. வெறும் பாறை, ஓடை, இல்ல ஏற்கனவே எரிஞ்சு கருகின தரைக்குப் பக்கவாட்டா நகருங்க. பருத்தி உடுப்பு போடுங்க, சிந்தெடிக் துணி உருகி தோல்ல ஒட்டும்.

இந்த எபிசோடை உங்க ட்ரெக்கிங் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுவிடுங்க, அடுத்த பிளான் போடறதுக்கு முன்னாடி. அடுத்த வாரம் பார்ப்போம்.