கல்லாவில் பணம் குறைஞ்சா சம்பளத்துல பிடிக்கலாமா? கேஷியர் இன்டர்வியூவுக்கு முன் தெரிஞ்சுக்கோங்க

கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்கு கேஷியர் இன்டர்வியூவுக்கு வருபவர் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி இது: “ராத்திரி கணக்கு முடிக்கும்போது 500 ரூபாய் குறைஞ்சா என்ன செய்வீங்க?”

“என் சம்பளத்துல பிடிச்சுக்கோங்க” என்று பதறிச் சொல்ல வேண்டாம். மறுபடி எண்ணுவேன், பில்லோடு கார்டு, யுபிஐ வரவைச் சரிபார்ப்பேன், உடனே மேனேஜரிடம் சொல்வேன் என்பதே நல்ல பதில்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019-இன்படி, ஊழியரின் தவறோ கவனக்குறைவோ நேரடிக் காரணமாக இருந்தால் மட்டுமே பிடித்தம் செய்யலாம். அதற்கு முன் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். குறைந்த தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது.

நீங்களும் ஒன்று கேளுங்க: “ஷிஃப்ட் மாறும்போது ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணி கையெழுத்துப் போடுவோமா?” ஒரே கல்லாவை நாலு பேர் திறந்தால், யார் தவறு என்று தெரியாது. பழி மட்டும் கேஷியர் தலையில் விழும்.