உஷார்! 'டெலிவரி ஆகிவிட்டது' என்று போனில் வந்ததும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

மக்களே, கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்திலோ, ஆஸ்பத்திரியிலோ, கூட்டுறவு சங்கத்திலோ தபால் வாங்கி வைக்கிற மேஜைக்குப் புதிதாகக் கம்ப்யூட்டரும் பார்கோடு மெஷினும் வந்திருக்கிறதா? இனி ஒரு கவரும் தொலையாது என்று யாராவது உறுதி சொன்னார்களா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

கேரள எல்லையோரம் உதியன்குளங்கரைப் பக்கத்தில் நடந்தது. ஆள் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு பெண்பிள்ளை. வளைகுடா வேலைக்கு இன்டர்வியூ வந்திருந்தது. முன்பு வேலை பார்த்த ஊரிலிருந்து அனுபவச் சான்றிதழ் ஸ்பீட் போஸ்டில் வர வேண்டும். பகலில் வீட்டில் ஆள் கிடையாது என்று வேலை பார்க்கிற இடத்தின் முகவரியைக் கொடுத்திருந்தாள்.

போஸ்ட்மேன் சரியான நாளில் கொண்டுவந்தார். வாசலில் செக்யூரிட்டி கையெழுத்துப் போட்டு வாங்கினார். அவள் போனில் பார்த்தால் டெலிவரி ஆகிவிட்டது என்று இருக்கிறது. உள்ளே கேட்டால், 'உன் பெயரில் ஒன்றும் வரவில்லையே' என்கிறார்கள். போஸ்டாபீசுக்கு ஓடினாள். 'கொடுத்தாச்சு மோளே, கையெழுத்து இருக்கு பார்' என்றார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை!

நடந்தது இதுதான். கவரை ஸ்கேன் செய்த பையன், திரையில் விழுந்த ஊழியர் பட்டியலில் முதலில் வந்த பெயரைத் தொட்டிருக்கிறான். அதே பெயரில் முன்பு ஒருத்தி இருந்தாள். வேலையை விட்டுப் போய்விட்டாள், ஆனால் பட்டியலில் இருந்து அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. 'உங்களுக்குத் தபால் வந்திருக்கிறது' என்ற மெசேஜ் அவளுடைய பழைய நம்பருக்குப் போய்விட்டது. கவர் அவள் இருந்த பிரிவின் தட்டுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் வந்த கையோடு, வருகிற தபாலைக் கையால் எழுதி வைக்கிற இன்வர்டு ரெஜிஸ்டரை நிறுத்தியிருந்தார்கள். அதனால் புரட்டிப் பார்க்கவும் ஒன்றும் இல்லை. யாரோ தட்டைத் துடைக்கும்போதுதான் கவர் கிடைத்தது. பிரிக்கவே இல்லை. மேலே ஒட்டிய புது ஸ்டிக்கரில் பெயர் பளிச்சென்று இருந்தது. இனிஷியல் மட்டும் வேறு. இன்டர்வியூ அதற்குள் முடிந்துவிட்டது.

யாரும் திருடவில்லை. யாரும் கிழிக்கவில்லை. ஒரு பிள்ளையின் வேலை போய்விட்டது.

தபால் துறை வேகமாக மாறிவிட்டது, அதை மறுக்க முடியாது. 2025-இல் நாடு முழுவதும் புதிய மென்பொருளுக்குப் போனார்கள். அதே ஆண்டில் ரெஜிஸ்டர்ட் போஸ்டை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்தார்கள். அக்டோபர் 1 முதல், ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுப்பது என்ற வசதியும் ஸ்பீட் போஸ்டில் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தக் கண்காணிப்பு முழுக்க உங்கள் கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டிலிருந்து மேஜை வரை உள்ள அந்த ஐம்பது அடி முழுக்க உங்கள் பொறுப்பு. கவர்கள் காணாமல் போவது அங்கேதான்.

அதைவிடப் பயமான விஷயம், சட்டம் பார்ப்பது அந்தக் கேட்டைத்தான்.

நீங்கள் கொடுத்த ஒரு செக் திரும்பிவிட்டது என்று வையுங்கள். நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட உங்களுக்கு 15 நாள்தான். அந்த நாளை எண்ணுவது மேனேஜர் கவரைப் பிரித்த நாளிலிருந்து என்று நினைக்கிறீர்களா? இல்லை. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று 1897-ஆம் ஆண்டின் பொதுச் சட்டக்கூறுகள் சட்டம், 27-ஆவது பிரிவு சொல்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு செக் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. கிடைக்கவில்லை என்றால் அதை நிரூபிப்பது உங்கள் பாடு. சம்மன் கையில் கிடைத்து 15 நாளுக்குள் பணத்தைக் கட்டித் தப்பிக்க அந்தத் தீர்ப்பு ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் அதற்குள் கோர்ட்டு, வக்கீல், பெயர்க்கேடு எல்லாம் வந்து சேர்ந்துவிடுமே! செக்யூரிட்டி மேஜை டிராயரில் கிடந்த ஒரு கவருக்காக இத்தனையும் தேவையா?

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. முன்பெல்லாம் ரெஜிஸ்டர்ட் கவர் என்றால் ஆபீசில் ஒரு பயம் இருக்கும். தனித் தட்டு, பியூன் புக்கில் கையெழுத்து. ஸ்பீட் போஸ்டை கூரியர் மாதிரி வாங்கிப் போட்டுவிடுவார்கள். இப்போது வக்கீல் நோட்டீசும் ஸ்பீட் போஸ்டாகத்தான் வரும். பழைய பழக்கத்தில் அதைப் பார்சல் குவியலில் எறிந்தால் தீர்ந்தது.

எதைக் கண்டால் பதற வேண்டும்?

வந்த கவர்களை வாசல் திண்டில் வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்களா? உடனே நிறுத்துங்கள். லேபிளில் பெயர், முகவரி, போன் நம்பர் இருக்கிறது. எந்த பாங்கிலிருந்து யாருக்குக் கார்டு வந்தது என்பதுகூடத் தெரிகிறது. அந்த போட்டோ எத்தனை போனுக்குப் போனது என்று உங்களால் சொல்ல முடியுமா? கவரைப் பிரித்து உள்ளே இருப்பதை ஸ்கேன் செய்து அனுப்புகிற முறை வந்திருந்தால் இன்னும் ஆபத்து. ரத்தப் பரிசோதனை முடிவும் விவாகரத்து நோட்டீசும் பார்க்கக் கூடாத கண்ணில் படும். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தரவைப் பத்திரமாக வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 'அந்தரங்கம்' என்று எழுதிய கவரை உரியவர் தவிர யாரும் பிரிக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓ.டி.பி. கேட்டு போன் வருகிறதா? எதிரில் கவரோடு நிற்கிற போஸ்ட்மேனுக்கு மட்டும் சொல்லுங்கள். போனில் கேட்கிற எவனுக்கும் வேண்டாம்.

'உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்கில் திருத்துங்கள், இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும்' என்று தபால் துறை பெயரில் வரும் மெசேஜ் மோசடி. மத்திய அரசின் பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவே அதைப் பொய் என்று அறிவித்திருக்கிறது. தினமும் பார்சல் வாங்குகிற மேஜையில்தான் இது எளிதாக எடுபடும். ஏதாவது ஒரு பார்சலுக்கு அங்கே எப்போதும் காத்திருக்கிறார்களே! தெரியாமல் பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930-ஐக் கூப்பிடுங்கள்.

நம் கேரள-தமிழ்நாடு எல்லைக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. 1956-இல் மாநிலம் பிரிந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது. பாறசாலையின் பின்கோடு 695502, அதை ஒட்டிய களியக்காவிளைக்கு 629153. முதல் எண் இரண்டுக்கும் 6. இரண்டாம் எண்ணில் வழி பிரிந்துவிடும். 629 என்றால் நாகர்கோவில் பக்கம், 695 என்றால் திருவனந்தபுரம் பக்கம். தமிழில் பெயரைக் கண்டதும் கன்னியாகுமரி மாவட்டம் என்று சேர்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மென்பொருளில் ஒரு தடவை தப்பாக ஏற்றிய முகவரி, பிறகு அடிக்கிற ஒவ்வொரு லேபிளிலும் தப்பாகவே வரும். உங்கள் நிறுவனத்தின் பின்கோடை இன்றைக்கே சரிபாருங்கள்.

மெஷின் விற்க வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட் எண் 13 எழுத்து. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அந்த ஒன்பதில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள எட்டிலிருந்து கணக்குப் போட்டு வருவது. கையால் தட்டும்போது ஓர் இலக்கம் மாறினால் அந்தக் கணக்கு பெரும்பாலும் இடிக்கும். 'உங்கள் மென்பொருள் அதைக் கண்டுபிடித்து நிறுத்துமா?' என்று கேளுங்கள். முழித்தால் வாங்காதீர்கள்.

இந்தக் கம்ப்யூட்டர் முறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு அலுவலகங்களின் இ-ஆபீசைப் பாருங்கள். வந்த கடிதத்தை ஸ்கேன் செய்து எண் போட்ட பிறகுதான் அது மேஜைக்கு நகரும். யாரிடம் எப்போது போனது என்பது அதிலேயே கிடக்கும். நெய்யாற்றின்கரை நகராட்சியிலும் 2024 முதல் கேரள அரசின் கே-ஸ்மார்ட் ஆன்லைன் சேவை வந்துவிட்டது. கொடுத்த மனு எங்கே நிற்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். இந்த ஒழுங்கு உங்கள் இடத்திலும் வரட்டும். ஆனால் கேட்டிலேயே எண் விழ வேண்டும். கடைசியில் வாங்குகிற ஆளும் கையெழுத்துப் போட வேண்டும். இடையில் ஓர் இரவு தாண்டி எந்தக் கவரும் தட்டில் தூங்கக் கூடாது. வேலையை விட்டுப் போகிறவர் பெயரைச் சம்பளக் கணக்கு முடிக்கிற அன்றே பட்டியலில் இருந்தும் எடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பிரிவின் பெயரும் திரையில் தெரியட்டும்.

இன்வர்டு ரெஜிஸ்டரைத் தூக்கிப் போடாதீர்கள்! குறைந்தது ஒரு வருஷம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். கரண்ட் போனாலும் நெட் போனாலும் அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

வெளியூரிலிருந்து சான்றிதழுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளே, அனுப்புகிறவரிடம் பெயர், பிரிவு, போன் நம்பர் மூன்றையும் கவரில் எழுதச் சொல்லுங்கள். புக்கிங் ரசீதை அன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் தாளில் எழுத்து வெயிலில் மங்கிவிடும். டெலிவரி ஆகிவிட்டது என்று போனில் பார்த்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அன்றைக்கே தபால் மேஜைக்குப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். கவர் இல்லை என்றால் வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாமல், தேதியோடு எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். தபால் துறையின் 1800 266 6868 என்ற எண்ணிலும் புகார் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டது யார் என்று அவர்களிடம் கேட்டு, அந்த ஆளிடம் நேராகப் போய் நில்லுங்கள்.