மூச்சை இழுக்கும்போது வயிறு உப்புவது ஏன்?

காற்று போவது நுரையீரலுக்கு, உப்புவதோ வயிறு. ஏன்?

உடலின் நடுப்பகுதியில் இரண்டு பெரிய குழிகள் உள்ளன. மேலே மார்புக்குழி: இதயமும் இரு நுரையீரல்களும் அதில் இருக்கின்றன. கீழே வயிற்றுக்குழி: கல்லீரல், இரைப்பை, மண்ணீரல், குடல் ஆகியவை அங்கே. இரண்டையும் பிரிப்பது உதரவிதானம் என்ற தசைத் தகடு.

நுரையீரலுக்குத் தானே விரியும் தசை கிடையாது. குவிமாடம்போல் மேல்நோக்கி வளைந்திருக்கும் உதரவிதானம் சுருங்கித் தட்டையாகிக் கீழே இறங்குகிறது. விலா எலும்புகளும் உயர்கின்றன. மார்புக்குழி பெரிதாகி, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று நுழைகிறது. ஓய்வில் ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர்.

இறங்கும் உதரவிதானம் கல்லீரலையும் இரைப்பையையும் கீழே தள்ளுகிறது. பின்னால் முதுகெலும்பு, கீழே இடுப்பெலும்பு. நகர இடமிருப்பது முன்பக்கம்தான். அதனால் வயிறு முன்னே எழுகிறது.

நுரையீரல் மார்புச் சுவரோடு ஒட்டியே விரிவது எப்படி? இரண்டு மெல்லிய சவ்வுகளும் அவற்றுக்கு இடையே உள்ள சிறிதளவு திரவமும் அதைச் சுவரோடு பிணைத்திருக்கின்றன. மார்பில் ஆழமான காயம் பட்டு அந்தச் சவ்வுகளுக்கு இடையே காற்று புகுந்தால் அந்தப் பக்க நுரையீரல் சுருங்கிவிடும். இரு நுரையீரல்களுக்கும் தனித்தனி உறை இருப்பதால் மற்றது பெரும்பாலும் தொடர்ந்து இயங்கும்.

எனவே, மார்பில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள்; பிடுங்கினால் அந்தத் துளை வழியே காற்று உள்ளே புகலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.