ஓர் ஊர், ஓர் அணி – 9: கோவையிலும் கோழிக்கோட்டிலும் ஒரே மாலை

2016-17இல் சென்னை சிட்டி கால்பந்து அணி ஐ-லீக்குக்குள் நுழைந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 1946இல் நேதாஜி விளையாட்டுக் கழகமாக அது தொடங்கியது தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் வீழ்ச்சியைச் சொல்வதாக இருந்தது. ஆனால் 2019 மார்ச் 9ஐத் தாண்டி நகர மனம் வரவில்லை.

அன்று லீக்கின் கடைசி நாள். கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டியை எதிர்த்து, முந்தைய ஆண்டு சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை எதிர்த்து ஈஸ்ட் பெங்கால். சென்னை சிட்டி ஒரே ஒரு புள்ளி முன்னால். ஜெயித்தால் கோப்பை. சறுக்கினால், நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த கொல்கத்தா அணி அதைத் தட்டிக்கொண்டு போய்விடும்.

அந்தக் கோழிக்கோடு நம் மாகியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். புதுவை ஆட்சியில் இருந்தாலும் மாகியின் மண் மலபார் மண். அறுத்த வயலில்கூட அணிக்கு ஏழு பேராக 'செவன்ஸ்' ஆடும் சீமை அது. நாட்டின் லீக் கோப்பை ஒரே மாலையில் கொங்கு நாட்டிலும் மலபாரிலும் ஊசலாடியது என்பதை நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கிறது.

மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை பதில் இல்லை. பிறகு ஒரு பெனால்டி. அடித்தவர் பெட்ரோ மான்சி. பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தவர், மொத்தம் 21 கோல்களோடு முடித்தார். அவர் கோல் அடிப்பதில் வியப்பில்லை. அடுத்த இரண்டு கோல்களையும் அடித்தது யார் என்பதுதான் விஷயம். கௌரவ் போரா, தடுப்பாட்டக்காரர்! கோல் விழாமல் காப்பதற்காக நிறுத்தப்பட்டவர் முன்னேறி வந்து கோப்பையைப் பறித்துத் தந்தார். இரண்டாவது கோல் கூடுதல் நேரத்தில். 3-1.

கோழிக்கோட்டிலும் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால் மீண்டுவந்து 2-1 என ஜெயித்தது. ஆகவே கோவையில் ஆட்டம் சமனாகியிருந்தால்கூடக் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். இறுதிக் கணக்கு 43க்கு 42.

சிங்கப்பூர்ப் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த சிலர், எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் பிள்ளைகள். இப்படிக் கட்டிய அணி அது. ஆட்டத்தில் தோற்றதால் மட்டும் அது அழிந்தது என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஜெயித்த அதே ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நாட்டின் முதல்நிலை லீக் ஆக்கப்பட்டது. ஐ-லீக் சாம்பியன் அதற்குள் ஏற 2022-23 வரை வழியே இல்லை. மேலே போகப் பாதையில்லாத கோப்பைக்கு யார் பணம் போடுவார்கள்? 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியே இல்லை.

அதே 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச்சுற்றில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 0-1 எனத் தோற்ற ஆட்டத்தைச் சொந்த ஊரை விட்டு அகமதாபாத்தில் ஆட நேர்ந்ததையும், 26 சதவீதப் பங்கு வாங்கிய சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்பையும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.