வரியிலை யூக்கா: குறைவாகக் கேட்கும் செடி

எங்கள் கிளையின் நுழைவாயிலில் இரண்டு தொட்டிகளில் வரியிலை யூக்காச் செடிகளை வைத்தோம். இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை. ஓராண்டுக்குள் ஒன்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. மற்றொன்று இன்றும் செழித்து நிற்கிறது. காரணம் எளியது. வழியோரம் இருந்த தொட்டியில், மாலையில் வீடு திரும்பும் நாங்கள் ஒவ்வொருவரும் பாட்டிலில் மிஞ்சிய நீரை ஊற்றி வந்தோம். அன்பு மிகுதியால் அச்செடியை இழந்தோம்.

யூக்கா அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. அதன் இனங்கள் பலவும் வறண்ட, மணற்பாங்கான நிலங்களில் வளர்பவை. மரவள்ளியைக் குறிக்கும் சொல்லே தவறுதலாக இதற்குப் பெயராயிற்று. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் அப்பெயரைத் தாவரவியலில் நிலைநிறுத்தினார். எனினும் இதற்கும் மரவள்ளிக்கும் உறவில்லை.

இலைகளில் ஓடும் மஞ்சள் அல்லது வெண்ணிற வரிகளில் பச்சையம் மிகக் குறைவு. உணவு தயாரிக்கும் பரப்பு சுருங்குவதால், பச்சை யூக்காவைவிட இது மெதுவாகவே வளரும். சில வேளைகளில் முழுப் பச்சை இலைகளுடன் ஒரு கிளை தோன்றும். அதை உடனே அடியோடு வெட்டிவிட வேண்டும். விட்டுவைத்தால் அது விரைந்து வளர்ந்து வரியிலைகளை ஒடுக்கிவிடும்.

தோட்டத்தில் நீர் தேங்காத மேட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். தொட்டியாயின், அடியில் துளையுள்ள கனமான மண்தொட்டி நல்லது. செடி உயர்ந்தபின் இலேசான பிளாஸ்டிக் தொட்டி காற்றில் கவிழ்ந்துவிடும். தோட்டமண்ணும் பருமணலும் சமமாக எடுத்து, அவற்றில் ஒன்றின் பாதியளவு மக்கிய எரு சேர்த்தால் போதும். வெயில் நன்கு பட்டால்தான் வரிகள் பளிச்சிடும். ஆனால் நிழல்வலைக்குள் வளர்ந்த செடியை வாங்கியவுடன் உச்சிவெயிலில் வைத்தால் இலைகள் கருகும். இரண்டு வாரங்களில் படிப்படியாக வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

மேல்மண்ணில் விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து, ஈரமில்லையெனில் மட்டும் நீர் ஊற்றுக. மழைக்காலத்தில் தொட்டியின் அடித்தட்டை அகற்றி, கூரையின் கீழ் நகர்த்திவிடலாம். மாவுப்பூச்சி தோன்றினால் ஈரத்துணியால் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

பாதுகாப்பிலும் கவனம் தேவை. பல யூக்கா இனங்களின் இலைநுனி ஊசிபோல் கூர்மையானது. குழந்தைகளின் கண்மட்டத்துக்கு நேராக வரும். நடைவழியில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். இயலாவிடில் நுனிகளைக் கத்தரித்துவிட வேண்டும். இதிலுள்ள சபோனின் நாய், பூனைகளுக்கு நஞ்சாகும் என்பதால், அவை கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதையிலிருந்து முளைக்கும் செடியில் தாய்ச்செடியின் வரிகள் அமையும் என்று நம்ப இயலாது. எனவே அடியில் தோன்றும் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடுவதே முறை. வெட்டுவாயை இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தியபின் நட்டால் அழுகல் தவிர்க்கப்படும்.

எங்கள் கிளையில் எஞ்சிய செடியின் கன்று ஒன்றைக் காலியான தொட்டியில் நட்டுள்ளோம். நீரூற்றும் பொறுப்பை ஒருவரிடமே ஒப்படைத்துவிட்டோம். மற்றவர்கள் பார்த்து மகிழ்வதோடு நின்றுகொள்கிறோம்.